சாக்ரடீஸை முழுசாக வரையலாமா, ஒரு ஓரத்தை மட்டுமா? (ஆயில் பெயின்டிங், காப்பி எடுத்துப் பழகுதல்)

பாலக்கோடு தையல் | சனி, இரவு 10.05

எல்லோருக்கும் வணக்கம். பாலக்கோட்டில் பிளவுஸ், சுடிதார் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். பள்ளியில் படிக்கும்போது டிராயிங் லோயர் எக்ஸாம் எழுதினேன், ஹையர் எழுதுவதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது. இப்போது பையன் காலேஜ் ஹாஸ்டலில். கடையை மூடின பிறகு நேரம் இருக்கிறது. வாட்டர் கலர், போஸ்டர் கலர் ஓரளவு வரும். ஆயில் கலர் தொட்டதே இல்லை.

பக்கத்தில் சொல்லித்தர ஆள் கிடையாது. பழைய மாஸ்டர்களின் படத்தைக் காப்பி எடுத்துத்தான் அந்தக் காலத்தில் பழகினார்கள் என்று படித்தேன். அப்படித் தேடியபோது கண்ணில் பட்டது பிரெஞ்சு ஓவியர் ஜாக் லூயி டாவிட் 1787-ல் வரைந்த ‘சாக்ரடீஸின் மரணம்’. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. அசல் 129.5 செ.மீ. உயரம், 196.2 செ.மீ. அகலம். சாக்ரடீஸ் கட்டிலில் உட்கார்ந்து ஒரு கையை மேலே தூக்கிப் பேசிக்கொண்டே மறு கையை விஷக் கிண்ணத்துக்கு நீட்டுகிறார். கிண்ணம் கொடுப்பவனால் அதைப் பார்க்க முடியவில்லை, முகத்தைத் திருப்பிக் கையால் மறைத்துக்கொள்கிறான். அவன் மேல் கிடக்கும் சிவப்புத் துணி இருக்கிறதே, அதை எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று தெரியாது.

24-க்கு 36 இன்ச் கேன்வாஸில் முழுப்படத்தையும் வரையலாம் என்று இருக்கிறேன். கேம்லின் ஆயில் கலர் தர்மபுரியில் கிடைத்தது. “முதல் படத்திலேயே இவ்வளவு கூட்டமா” என்று என் தம்பி சிரிக்கிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மாங்காய் மண்டி | சனி, இரவு 10.21

வெயில் ஏறும் நேரத்தில் ஆயில் கலர் ஆரம்பிக்கிறீர்கள். எங்கள் கிருஷ்ணகிரியில் ஒரு கிரானைட் லாரி போனால் போதும், ஈரப் பெயின்ட் மேல் தூசி ஒரு கோட் இலவசம். உங்கள் ஊரில் தக்காளி வண்டிதான், தப்பித்தீர்கள். எனக்கு வரையத் தெரியாது, வேடிக்கை பார்க்க உட்கார்ந்துகொள்கிறேன்.

பழைய பேனர்காரன் | சனி, இரவு 11.10

தங்கச்சி, ஆசைப்பட்டதை வரைம்மா. பயப்படாதே.

நான் தர்மபுரி, அரூர் பக்கம் தியேட்டர்களுக்கு பேனர் வரைந்தவன். உள்ளங்கை அளவு ஸ்டில் போட்டோவில் பென்சிலால் கட்டம் போடுவோம். அதே கட்டத்தைத் தட்டியில் சுண்ணாம்புக் கயிறு அடித்துப் பெரிதாகப் போடுவோம். பவுடர் கலரை லின்சீட் ஆயிலில் குழைத்துத்தான் வேலை. முகம் ஆசான் வரைவார். துணி, பின்னணி, எழுத்து எல்லாம் எங்களைப் போன்ற பையன்களுக்கு. பிரான்சில் பெரிய ஓவியர்களின் பட்டறைகளிலும் சிஷ்யப் பிள்ளைகள்தான் துணியும் பின்னணியும் போட்டார்கள் என்று பின்னாடி கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

கட்டம் போட்டால் உருவம் எங்கேயும் தப்பாது. ஆனால் ஒன்று சொல்கிறேன். கட்டம் உருவத்தை உனக்குக் கொடுத்துவிடும், கண்ணைக் கொடுக்காது. அதனால் கட்டத்தை அவுட்லைனோடு நிறுத்திக்கொள்.

ஓவிய ஆசிரியர், ஓய்வு | ஞாயிறு, காலை 6.30

அம்மா, பேனர்காரர் சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். முழுப்படம் வேண்டாம்.

வரலாற்று ஓவியத்தை அந்தக் கால ஐரோப்பிய அகாடமிகள், அதாவது ஓவியக் கல்விக்கூடங்கள், எல்லா வகைகளுக்கும் மேலே வைத்ததற்குக் காரணம் உண்டு. உடற்கூறு, துணி, கட்டடம், முகபாவம், ஒளி, கதை எல்லாம் ஒரே பலகையில் சேர வேண்டும். அதனால்தான் மாணவனை அங்கே நேராகக் கொண்டுபோக மாட்டார்கள். முதலில் அச்சுப் படங்களைப் பார்த்துப் பென்சிலில் காப்பி, அப்புறம் பிளாஸ்டர் சிலைகள், அப்புறம்தான் உயிருள்ள மாடல். நம்மூர் ஃப்ரீஹேண்ட், மாடல் டிராயிங் பரீட்சைகளுக்கும் பாட்டன் அந்தப் பாடத்திட்டம்தான். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் ஓவியப் பள்ளி ஆரம்பித்தபோது அந்த வழக்கம் கூடவே வந்தது.

இன்னொன்று. டாவிட் போன்றவர்கள் ஆளை முதலில் ஆடையில்லாமல் வரைந்து, உடம்பு சரியாக வந்த பிறகே துணி போர்த்துவார்கள். நீங்கள் அந்தத் துணியை மட்டும் பார்த்து வரையும்போது அவருடைய கடைசி வேலையைத்தான் காப்பி எடுக்கிறீர்கள். உள்ளே முட்டி எங்கே, இடுப்பு எங்கே என்று தெரியாமல் மடிப்பை வரைந்தால் துணி காற்றில் தொங்கும். தையல் தெரிந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

24-க்கு 36-ல் முழுப்படம் என்றால் அசலில் பாதிகூட வராது. தலை ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழத்துக்குள் அடங்கிவிடும். அந்த அளவில் மூக்கின் நிழலை ஒரே தொடலில் போட்டாக வேண்டும். ஆரம்பத்திலேயே அது கைவராது. நான் சொல்வது இதுதான்: கிண்ணம், அதைச் சுற்றியுள்ள இரண்டு கைகள், சிவப்புத் துணியில் ஒரு பகுதி. இதை மட்டும் அசல் அளவிலேயே வரையுங்கள்.

மாங்காய் மண்டி | ஞாயிறு, காலை 8.02

சார், பாரிஸ் லூவ்ர் மியூசியத்தில் காப்பி எடுக்க அனுமதி கொடுப்பார்களாம், ஆனால் அசல் அளவில் வரையக் கூடாது என்று விதியாம். நீங்கள் அக்காவை போலி வியாபாரத்தில் இறக்கிவிடுகிறீர்களே.

ஓவிய ஆசிரியர், ஓய்வு | ஞாயிறு, காலை 8.40

விதி உண்மைதான், அது அங்கே உள்ளே ஸ்டாண்டு போட்டு வரைகிறவர்களுக்கு. இரண்டு கையையும் ஒரு கிண்ணத்தையும் யாரும் டாவிட் என்று நம்பி வாங்க மாட்டார்கள்.

ஓசூர் ஷிஃப்ட் | ஞாயிறு, மாலை 4.15

நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கி எழுந்து படிக்கிறேன். ஆயில் கலரைக் கொஞ்ச காலமாக நோண்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சாமான் விஷயம் மட்டும் சொல்கிறேன் அக்கா.

படம்: நீங்கள் சொன்ன மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2017-ல் காப்புரிமை முடிந்த படங்களை எல்லாம் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டது. அவர்கள் தளத்திலேயே பெரிய ஃபைல் கிடைக்கும், மற்ற இடங்களில் சுற்றும் படங்களை நம்பாதீர்கள். ஒவ்வொன்றிலும் சிவப்பு ஒவ்வொரு மாதிரி இருக்கும். செல்போன் திரையைப் பார்த்து வரையவும் வேண்டாம், பின்னாலிருந்து விளக்கு எரியும் திரையின் வெளிச்சத்தை எந்தப் பெயின்டும் எட்டாது. தேவையான துண்டை ஸ்டுடியோவில் மேட் பேப்பரில் பிரின்ட் போடச் சொல்லுங்கள். ஃப்ளெக்ஸ் கடை மலிவு, ஆனால் அங்கே இருட்டெல்லாம் ஒரே கறுப்பாக அடைத்துக்கொள்ளும்.

எண்ணெய்: ஹார்டுவேர் கடையின் டபுள் பாயில்டு லின்சீட் கதவுக்கு அடிப்பதற்கு. சீக்கிரம் காயும், சீக்கிரம் மஞ்சளும் ஆகும். ஆர்ட் கடையின் ரீஃபைண்டு லின்சீட் சின்ன பாட்டில் போதும். தின்னர் பக்கமே போகாதீர்கள்.

வெள்ளை: டியூபில் டைட்டானியம் என்று இருக்கிறதா பாருங்கள். ஜிங்க் ஒயிட் காய்ந்தால் மொடமொடத்து, நாள்பட வெடிக்கும். டாவிட் காலத்தில் வெள்ளை என்றால் ஈய வெள்ளைதான், சிவப்புக்குச் சாதிலிங்கம், அதாவது பாதரசமும் கந்தகமும். ‘அசல் முறை’ என்று யாராவது அதை வாங்கச் சொன்னால் கும்பிடு போட்டுவிடுங்கள்.

அப்புறம் இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லின்சீட் எண்ணெய் தண்ணீர் ஆவியாவது மாதிரி காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அப்போது சூடு வரும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூட்டையில் போட்டால் அந்தச் சூடு உள்ளேயே ஏறித் தானாகத் தீப்பிடிக்கும். உங்களுடையது வெட்டுத்துணி நிறைந்த கடை. துடைத்த துணியை ஒவ்வொன்றாக விரித்து வெளியே காயப்போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றிய டின்னில் போட்டு மூடுங்கள்.

பாலக்கோடு தையல் | ஞாயிறு, இரவு 9.50

நல்லவேளை சொன்னீர்கள் தம்பி. துடைக்கத்தான் வெட்டுத்துணி இருக்கிறதே என்று ஒரு பையை ஒதுக்கி வைத்திருந்தேன். மூடியுள்ள பெயின்ட் டின் ஒன்றைத் தேடி எடுத்துவிட்டேன். பாலியஸ்டர் துண்டு எண்ணெயை உறிஞ்சாது, காட்டன் மட்டும் பொறுக்கி வைத்தேன்.

கேன்வாஸ் நானே அடித்துக்கொள்ளலாமா? காடாத் துணி கையில் இருக்கிறது. மரச் சட்டம் ஆசாரியிடம் சொன்னால் செய்து தருவார்.

பழைய பேனர்காரன் | ஞாயிறு, இரவு 10.30

அடிக்கலாம். உனக்குத்தான் துணி வாகு தெரியுமே. பாவு நேராக இருக்கிற மாதிரி வை, குறுக்கு வாகில் இழுத்தால் மூலையில் சுருக்கம் விழும். ஒவ்வொரு பக்கமும் நடுவில் முதல் ஆணி, அங்கிருந்து மூலைக்கு. முன்னெல்லாம் வஜ்ஜிரப் பசை காய்ச்சிப் பூசுவோம். மழைக்காலத்தில் அது ஈரத்தை இழுத்துத் தொய்யும். இப்போது அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்று வெள்ளை அடிப்பூச்சு வருகிறது, நடுநடுவே உப்புத்தாள் தேய்த்து இரண்டு மூன்று கோட் அடி. பழகுவதற்கு என்றால் பிளைவுட் கடையில் ஹார்டுபோர்டு துண்டு போதும்.

பாராமகால் | திங்கள், காலை 11.20

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நம் மண்ணில் உட்கார்ந்துகொண்டு ஏதென்ஸ் சிறைக்கு ஏன் போக வேண்டும்? நம் ஊர்ச் சண்டையை வரைந்த அகாடமி ஓவியங்களே ஏராளம். 1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில்தான் பாராமகால் திப்புவிடமிருந்து கம்பெனிக்குப் போனது, இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம்தான் அது. அப்போது திப்புவின் இரண்டு பிள்ளைகளைப் பணயமாக வாங்கிக்கொண்ட காட்சியை ராபர்ட் ஹோம் வரைந்தார், அவர் கம்பெனித் தளபதி காரன்வாலிஸின் படையோடு நேரிலேயே வந்தவர். ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் ராயக்கோட்டை மலையை, ஜெகதேவியை எல்லாம் வரைந்துகொண்டு போய் லண்டனில் அச்சிட்டார்கள்.

பெரிய உருவப்படமே வேண்டுமென்றால் டேவிட் வில்கி 1839-ல் காட்சிக்கு வைத்த படம் இருக்கிறது. 1799 மே 4 இரவு, விளக்கு வெளிச்சத்தில் திப்புவின் உடலை பிரிட்டிஷ் ஜெனரல் பேர்ட் கண்டுபிடிக்கும் காட்சி. கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் உயரம், எடின்பரோவில் இருக்கிறது.

மாங்காய் மண்டி | திங்கள், மதியம் 12.05

ஜாக் லூயி டாவிட், டேவிட் வில்கி, அந்த ஜெனரல் பேர்டும் டேவிட்தான். இந்த இழையில் டேவிட் கூட்டம் தாங்கவில்லை.

பாலக்கோடு தையல் | திங்கள், இரவு 9.35

பார்த்தேன் சார். படம் பிரமாதமாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஜெயித்தவரின் மனைவி பணம் கொடுத்து வரையச் சொன்ன படம் என்று போட்டிருந்தது. தோற்றவர் காலடியில் கிடக்கிறார், ஜெயித்தவர் படிமேல் நிற்கிறார். மாசக்கணக்கில் அதையே பார்த்துக்கொண்டு வரைய எனக்கு மனசு வராது. சாக்ரடீஸும் சாகத்தான் போகிறார், ஆனால் அந்த அறையிலேயே கலங்காத ஆள் அவர் ஒருத்தர்தான்.

பாராமகால் | திங்கள், இரவு 10.15

நியாயம். ஆனால் யார் மேல் விளக்கைப் பிடிப்பது, யாரை மேல்படியில் நிறுத்துவது என்ற தந்திரம் அந்த மாதிரிப் படத்தை வரைந்து பார்த்தால்தான் பிடிபடும் என்பது என் கட்சி. படத்தில் பேர்டின் காலடியில் ஒரு கம்பி ஜன்னல் தெரியும். அவர் முன்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கைதியாக இருந்தவர், அதை ஞாபகப்படுத்த வைத்தது. இது வரலாறா, விளம்பரமா என்று கேட்டால் நான் இரண்டும் என்பேன்.

ஓவிய ஆசிரியர், ஓய்வு | செவ்வாய், காலை 6.10

அரசியலை விடுங்கள், தொழில்முறையிலேயே வில்கியைக் காப்பி எடுப்பது புதியவர்களுக்கு ஆகாது. அவர் பல படங்களில் பிற்றுமின், அதாவது தார் கலந்த பழுப்பைப் பயன்படுத்தினார். அது முழுசாகக் காய்வதே இல்லை, நாளாக நாளாகச் சுருங்கி, வெடித்து, கறுத்துப்போகும். அந்த மாதிரிப் படத்தைப் பார்த்து வரைந்தால் ஓவியர் வரைந்த நிழலையும் காலம் கெடுத்த நிழலையும் உங்களால் பிரிக்க முடியாது. டாவிடின் படத்தில் எல்லாம் வெளிச்சத்தில் துலக்கமாக நிற்கிறது. பின்சுவர்கூட வெறும் கல்சுவர். மாணவருக்கு அந்தத் தெளிவுதான் வேண்டும்.

காவேரிப்பட்டினம் கலர் | செவ்வாய், இரவு 8.20

நான் ஒரு மாறுபட்ட கருத்து சொல்கிறேன். நேரில் பார்க்கவே முடியாத படத்தைக் காப்பி எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆயில் பெயின்டிங் என்பது பெயின்டின் கனம். எங்கே மெல்லிசு, எங்கே தடிப்பு, பிரஷ் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பது பிரின்டில் வராது. ரவி வர்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை எழும்பூர் மியூசியத்திலும் மைசூரு ஜகன்மோகன் அரண்மனையிலும் அவர் படங்கள் இருக்கின்றன. கேலரி திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டு ஒரு நடை போய் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டு வரலாம்.

அவரே அப்படிக் கற்றவர்தானே. 1868-ல் திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த வெளிநாட்டு ஓவியர் தியோடர் ஜென்சன் அவருக்குப் பாடம் எடுக்கவில்லை. வரைவதைப் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும்தான் விட்டார். அதிலிருந்து பிடித்துக்கொண்டு 1873-ல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கினார்.

ஓசூர் ஷிஃப்ட் | செவ்வாய், இரவு 11.40

அசலைப் பார்ப்பது நல்லதுதான், அதற்காக சாக்ரடீஸை விட வேண்டுமா? மைசூருக்குப் போய் எண்ணெய் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து, இங்கே டாவிடின் கையை வரையட்டும். டாவிட் பெயின்டைத் தடிப்பாகப் பூசுகிற ஆளும் இல்லை. பிரஷ் போன தடமே தெரியாமல் வழித்துவிடுவதுதான் அவர் பாணி. பிரின்டில் இழப்பது அவர் விஷயத்தில் கொஞ்சம் குறைவு.

பாலக்கோடு தையல் | ஞாயிறு, இரவு 10.10

இடையில் முகூர்த்த நாள் வந்துவிட்டது, பிளவுஸ் குவிந்துவிட்டது. இப்போதுதான் எழுத முடிகிறது.

ஆசிரியர் ஐயா சொன்னபடி கிண்ணம், கைகள், சிவப்புத் துணி மட்டும். ஹார்டுபோர்டில். முதலில் கரியில் மூன்றே டோனில் வரைந்தேன். அவுட்லைனுக்கு மட்டும் கட்டம். அதன் மேல் பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து நிழல்களைப் போட்டேன். மறுநாளே காய்ந்துவிட்டது.

இனிமேல்தான் விஷயம். கடை வாசலில் பிளவுஸ் மாட்டும் பொம்மை இருக்கிறது. பழைய சிவப்புக் கம்பளிச் சால்வையை அதன் தோளில் போர்த்தி, ஒரு பக்கம் மட்டும் பல்பு போட்டுப் பார்த்தேன். கிரேக்கர் மேலே போர்த்துவது தைக்காத நீளத்துணி தானே, நம் அங்கவஸ்திரம் மாதிரி. முதலில் பாலியஸ்டர் காட்டனைப் போர்த்தினால் வெறும் சில்லறைச் சுருக்கம். கம்பளி போட்டதும்தான் படத்தில் உள்ள கனமான மடிப்பு வந்தது.

அப்புறம் டாவிடின் பிரின்டையும் பொம்மையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பொம்மை மேல் எண்ணினால் தீராத மடிப்பு. தோளில் பத்து, முழங்கை இருக்க வேண்டிய இடத்தில் இன்னொரு பத்து, நடுவில் காரணமே இல்லாத கசங்கல். டாவிடின் துணியில் தோளில் ஒரு இடத்திலிருந்து புறப்படும் சில நீள மடிப்புகள், அவ்வளவுதான். மற்றதை எல்லாம் அந்த மனுஷன் விட்டுவிட்டார். விட்டதில் எது போனது என்று பார்த்தேன். உடம்பு எங்கே இருக்கிறது என்று சொல்லாத மடிப்பு எல்லாம் போய்விட்டது. இழுத்துப் பிடிக்கும் மடிப்பு மட்டும் நிற்கிறது. பிரின்டை மட்டும் பார்த்து வரைந்திருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது, துணி அப்படித்தான் விழும் என்று நினைத்திருப்பேன்.

இப்போது கேள்வி. சிவப்பில் வெளிச்சம் காட்ட வெள்ளை கலந்தால் ரோஸ் ஆகிறது. நிழலுக்குக் கறுப்பு கலந்தால் அழுக்காகிறது. என்ன செய்வது?

பழைய பேனர்காரன் | ஞாயிறு, இரவு 10.45

சபாஷ். பேனர் வேலையில் இதைச் சொல்லித்தர மாட்டார்கள், ஆசான் கையைத் தட்டிவிட்டுத் தானே ஒரு கோடு இழுப்பார், நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

சிவப்பில் வெள்ளையைக் கடைசியில் தொடு. வெளிச்சப் பக்கத்துக்கு வெர்மிலியன் அப்படியே, இன்னும் தூக்க வேண்டுமானால் எல்லோ ஆக்கர் துளி. நிழலுக்கு பர்ன்ட் அம்பரும் கிரிம்சனும். கறுப்பு டியூபை மூடி வை.

ஓவிய ஆசிரியர், ஓய்வு | திங்கள், காலை 6.20

பொம்மையில் துணி போட்டது நான் சொல்லாமலே நீங்கள் கண்டுபிடித்த முறை. அகாடமி ஓவியர்கள் ஆளுயர மரப் பொம்மைக்குத் துணி போர்த்தி, மடிப்பு கலையாமல் நாள்கணக்கில் வைத்து வரைவார்கள். உயிருள்ள மாடல் அசைந்துவிடுவான் அல்லவா.

சிவப்பைப் பற்றி இன்னொரு வார்த்தை. உங்கள் சிவப்பு மங்கலாகத் தெரிந்தால் பிரச்சினை சிவப்பில் இல்லாமல் பக்கத்தில் இருக்கலாம். அந்தப் படத்தின் இரண்டு ஓரங்களையும் பாருங்கள், வண்ணம் அடங்கியே இருக்கும். நடுவில் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வந்ததும்தான் சிவப்பு முழுசாக எழுகிறது. பின்னால் இருப்பது சாம்பல் சுவர். சுவரை முதலில் சரியான சாம்பலுக்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் சிவப்பைத் தொடுங்கள். போனில் கறுப்பு வெள்ளையாக்கி உங்களுடையதையும் பிரின்டையும் ஒப்பிட்டால் எங்கே இருட்டு குறைகிறது என்று உடனே தெரியும்.

மேல் அடுக்கில் எண்ணெய் கீழ் அடுக்கைவிடக் கொஞ்சம் கூட இருக்கட்டும். மாறினால் மேலே உள்ளது முதலில் இறுகி, கீழே உள்ளது பிற்பாடு அசைந்து, விரிசல் விடும்.

பாராமகால் | திங்கள், மதியம் 1.30

திப்புவை விட்டுவிடுகிறேன். ஆனால் காப்பி முடிந்த பிறகு என்ன என்று கேட்கிறேன். நம்முடையது தகடூர். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையைவிட ஒரு வரலாற்று ஓவியத்துக்கு வேறு என்ன வேண்டும்? இங்கேயும் ஒரு கை நீட்டுகிறது, இன்னொரு கை வாங்குகிறது. அங்கே சாவைக் கொடுக்கிறார்கள், இங்கே சாவைத் தள்ளிப்போடும் கனியைக் கொடுக்கிறார்கள்.

காவேரிப்பட்டினம் கலர் | திங்கள், மாலை 6.50

காலண்டரிலும் பாடப்புத்தகத்திலும் பார்த்துச் சலித்த காட்சி சார். கிரீடம் வைத்த ராஜா, கோல் ஊன்றிய கிழவி, நடுவில் ஒரு நெல்லிக்காய். ரத்தமே ஓடாத படம்.

ஓவிய ஆசிரியர், ஓய்வு | செவ்வாய், காலை 6.15

சலித்தது காட்சி இல்லை, அவர்கள் தேர்ந்த நொடி. டாவிட் எந்த நொடியை எடுத்தார்? சாக்ரடீஸ் இன்னும் கிண்ணத்தைத் தொடவில்லை. விரலுக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில்தான் படம் முழுவதும் நிற்கிறது.

புறநானூற்றின் 91-ஆம் பாடலைப் படியுங்கள். கனியின் பலனை அதியமான் மனத்துக்குள் அடக்கிக்கொண்டு, சொல்லாமல் கொடுத்தான் என்கிறார் ஔவை. அப்படியானால் கொடுப்பவனுக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. டாவிடின் படத்தில் கொடுப்பவன் தாங்க முடியாமல் முகத்தைத் திருப்புகிறான். இங்கே கொடுப்பவன் முகத்தில் எதுவும் தெரியக் கூடாது, ஆனால் பார்க்கிற நமக்கு மட்டும் தெரிய வேண்டும். வரைந்து காட்டட்டும் பார்க்கலாம், எவ்வளவு கஷ்டம் என்று.

ஓசூர் ஷிஃப்ட் | செவ்வாய், மாலை 5.05

உடை? கிரீடத்தைக் கழற்றினால் என்ன போடுவது?

பாராமகால் | செவ்வாய், இரவு 9.00

தர்மபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் இருக்கின்றன, போய்ப் பார்க்கலாம். வீரனுக்கு அள்ளி முடிந்த கொண்டை, இடுப்பில் இறுக்கிக் கட்டிய சின்னத் துணி, கையில் வில், குறுவாள். அதியமான் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியவைதான், ஆனாலும் சினிமா ராஜா உடைக்கு எவ்வளவோ மேல்.

ஓவிய ஆசிரியர், ஓய்வு | புதன், காலை 6.25

சில நூற்றாண்டுகள் முன்பின் இருந்தால் பரவாயில்லை. டாவிடே அப்படித்தான் செய்தார். அவர் படத்தில் கட்டிலின் கால்மாட்டில் கிழவராக உட்கார்ந்திருக்கிறாரே, அவர் பிளேட்டோ. அன்றைக்கு அவர் இளைஞர், உடம்பு சரியில்லாமல் அந்த அறைக்கே வரவில்லை. டாவிடுக்கு இது தெரியாமல் இல்லை. பின்னாளில் அதை எழுதப்போகிறவர் அங்கே இருக்க வேண்டும் என்று வைத்தார், காலடியில் சுருளும் மைக்கூடும் கிடக்கும். சாக்ரடீஸுக்கே எழுபது வயது, உடம்பைப் பாருங்கள், மல்யுத்த வீரனுக்கு உள்ள தோள்.

பாலக்கோடு தையல் | சனி, இரவு 10.30

அதியமான் பேச்சைப் படித்ததிலிருந்து நெல்லிக்காயைக் கையில் வைத்து வைத்துப் பார்க்கிறேன். அது அப்புறம். கைகள் இன்னும் முடியவில்லை, இதுவரை ஆனதைப் போட்டோ எடுத்துப் போட்டிருக்கிறேன். சாக்ரடீஸின் கையை ஒரு தடவை கிண்ணத்துக்கு ரொம்பப் பக்கத்தில் போட்டுவிட்டால் எடுத்துக்கொண்டது மாதிரி இருக்கிறது, தள்ளிப் போட்டால் தடவித் தேடுகிற மாதிரி இருக்கிறது. துடைத்துத் துடைத்து அந்த இடத்தில் ஹார்டுபோர்டே வழவழவென்று ஆகிவிட்டது. சிவப்பு மட்டும் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் பிடிக்கிறது. கடைக்கு வந்த ஒரு அம்மா இந்த கலரில் பிளவுஸ் பிட் இருக்கிறதா என்று கேட்டார்.

ஓவிய ஆசிரியர், ஓய்வு | ஞாயிறு, காலை 6.40

போட்டோவில் சிவப்பை நான் நம்ப மாட்டேன். நேரில் கொண்டுவர முடியுமா? கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டிலேயே சந்திக்கலாம், பகல் வெளிச்சத்தில் பார்த்துவிடுகிறேன்.

பாலக்கோடு தையல் | ஞாயிறு, காலை 9.15

கட்டாயம் கொண்டுவருகிறேன் ஐயா. ஆனால் மேல் கோட் இன்னும் ஈரம். பஸ்ஸில் எப்படி எடுத்து வருவது?

பழைய பேனர்காரன் | ஞாயிறு, காலை 10.00

பட்டுப்புடவைப் பெட்டி உன் கடையில் இருக்குமே. போர்டைவிட ஒரு விரல் பெரிய பெட்டியாக எடு. போர்டின் நாலு மூலையிலும் ரப்பரைத் துண்டு வெட்டி ஃபெவிக்விக்கில் ஒட்டு, மூடி பெயின்டைத் தொடாத உயரத்துக்கு. போர்டை அடியில் டபுள் டேப்பால் பெட்டியோடு சேர்த்துவிடு, ஆடாது. பெட்டியைப் படுக்க வைத்தே மடியில் வை.

மாங்காய் மண்டி | ஞாயிறு, காலை 10.20

உங்கள் ஊரிலாவது ரயில் நிற்கிறது, எங்கள் கிருஷ்ணகிரிக்கு இன்னும் அதுவும் இல்லை, அதனால் பஸ்தான். ஜன்னல் ஓர சீட் பிடியுங்கள் அக்கா. சீசன் நேரம், யாராவது மாங்காய்க் கூடையை உங்கள் சாக்ரடீஸ் தலையில் இறக்கிவிடப் போகிறார்கள்.